மத்தியா அன்பியத்தில் பதினாறு பேர்

போன மாதம் டேவிட் போன் செய்து, "அண்ணா, உங்க மத்தியா அன்பியத்த கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றார்.  வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. இருந்தாலும் கோவிலில் இருந்து போன் வந்தால் கதவைப் பூட்டாமல் வந்துவிட்டேனோ, மெழுகுவத்தியை அணைக்காமல் விட்டேனோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.

டேவிட் எனக்குப் பிறகு வந்த கோயில்பிள்ளை. கம்பைநல்லூர்ப் பக்கம். நாற்பதை நெருங்குகிறவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு கோவிலுக்குப் பின்னால் நான் இருந்த அதே ரெண்டு அறை வூட்டில் இருக்கிறார். கோயில்பிள்ளை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மணி அடிப்பது, பூட்டித் திறப்பது, பூசைக்குச் சாமான் எடுத்து வைப்பது, சாவுக்குக் குழி வெட்ட ஆள் பிடிப்பது. இது எதுவும் இல்லாத நேரத்தில் சாமியார் திட்டுவதற்குப் பக்கத்தில் இருப்பது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு முன்னால் இருந்தவரிடம் ஒரே வருஷம் கூட நின்று கற்றுக்கொண்டேன். அதில் பாதி நாள் மணிக்கயிற்றைப் பிடிக்கவே விடவில்லை. மீதிப் பாதி, கயிறு அறுந்துவிடுமோ என்று நானே பிடிக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். பங்கில் உள்ள குடும்பங்களை எல்லாம் அன்பியம் அன்பியமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார் டேவிட். பதினொன்று ஏறிவிட்டது. பன்னிரண்டாவது மத்தியா அன்பியம். அதற்கு நேரே சிவப்பாக ஏதோ எரிந்தது.

"ஒரு குடும்பமாவது ஞானஸ்நான நம்பரோட இருக்கணுமாம் அண்ணா. உங்க ஆளுங்கள்ல கோவில்ல பதிஞ்சவங்க யாரு?"

"எமிலியக்கா இருந்தாங்க. போன வருஷம் மக வூட்டோட ஒசூர் போயிட்டாங்களே. பேரு அங்க மாறிடுச்சு."

"மத்தவங்க?"

"கோவிந்தண்ணன். மாதப்பா."

டேவிட் என்னைப் பார்த்தார். "அவுங்க ரெண்டு பேரும் இந்துங்கண்ணா."

"ஆமா."

"அப்ப எடுத்துடலாமா? சாமிகிட்ட கேட்டேன், குடும்பம் இல்லீன்னா எடுத்துடுன்னுட்டாரு. கடைசித் தேதி ஞாயித்துக்கிழம. இன்னொன்னு, அன்பியம்னா என்னானு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி வெளக்கம் கேக்குது. அதையாவது எழுதிக் குடுங்க."

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்ததுதான் இவ்வளவு நீளத்துக்குப் போய்விட்டது. சுருக்கி எழுதலாம். ஆனால் சுருக்கினால் ஏதாவது விட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

அன்பியம் என்ற சொல் எங்கள் ஊருக்கு வந்தது ராயப்பன் சாமி காலத்தில். அதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது பங்கு. ஒரு கோவிலுக்கு உட்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்தது பங்கு. அதைத் தெருத் தெருவாக, இருபது முப்பது குடும்பமாகப் பிரித்து, வாரம் ஒரு வூட்டில் கூடி வேதாகமம் வாசித்து ஜெபித்துப் பேச வேண்டும், அதற்கு அன்பியம் என்று பேர் என்றார் சாமி. சனங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட விதம் வேறு. "அன்பியம் வெச்சிருக்கோம், வாங்க" என்றால் இன்றைக்கு எங்கள் வூட்டில் கூட்டம், சுண்டல் உண்டு என்று அர்த்தம். "அன்பியம் வந்துடுச்சா?" என்று சாவு வூட்டில் கேட்டால், பெஞ்சு தூக்கவும் குழி வெட்டவும் ஆள் வந்ததா என்று அர்த்தம். "அவங்க நம்ம அன்பியம் இல்ல" என்றால் பேச்சுவார்த்தை கிடையாது என்று அர்த்தம். சாமி சொன்ன அர்த்தத்தை நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை.

ராயப்பன் சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டையான மனுசர். எப்போதும் மேசையில் ஒரு தட்டில் வறுத்த கடலை. ஒவ்வொன்றாகத் தோலை நீவி, ரெண்டாகப் பிளந்து, முளைக்குருத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் வாயில் போடுவார். எழுத்தையும் அப்படித்தான் படிப்பார். சந்தோஷமாக இருந்தால் "ஏ சவரி, எங்கடா போய்த் தொலஞ்ச?" என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறும். "சவரிமுத்து அவர்களே, தயவுசெய்து அமருங்கள்" என்று தூய தமிழில் வந்தால் வூட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்றே நினைத்துக்கொள்வேன். என் வூடு கோவில் வூடு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பெண்டாட்டியையும் ரெண்டு பொண்ணுகளையும் கூட்டிக்கொண்டு நான் வெளியே நிற்க வேண்டும். வேறு வேலை ஒன்றும் எனக்குத் தெரியாது.

சாமி பங்கைப் பன்னிரண்டாகப் பிரித்து, ராயப்பர், அருளப்பர் என்று ஏசுவின் பன்னிரண்டு சீடர்களான அப்போஸ்தலர் பேரை வைத்தார். பதினொன்றில் பிரச்சனை இல்லை. பன்னிரண்டாவது ஏரிக்கோடி. ஏழே குடும்பம். அதற்கு மத்தியா அன்பியம் என்று பேர் வைத்தார். மத்தியா யார் என்று பிரசங்கத்திலும் விளக்கினார். ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடம் காலியானபோது, அந்த இடத்துக்குச் சீட்டுப் போட்டு எடுக்கப்பட்டவர். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஏரிக்கோடியில் மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. "மத்தவங்களுக்கு எல்லாம் ராயப்பர், அருளப்பர். நமக்கு மட்டும் யூதாஸ் எடமா?" ஒவ்வொரு குடும்பமாக அக்கா வூடு, மாமன் வூடு என்று சாக்குச் சொல்லி வேறு அன்பியத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். மூன்றே மாதத்தில் மத்தியா அன்பியத்தில் மத்தியா மட்டும்தான் பாக்கி.

இதை நான் சாமியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முறை என்னவென்றால், மாதத்தின் முதல் ஞாயிறு, ரெண்டாம் பூசை முடிந்ததும் ஒவ்வொரு அன்பியத் தலைவரும் ஒரு சீட்டு தர வேண்டும். கூடிய வூடு, வாசித்த பகுதி, வந்தவர் எத்தனை பேர், குறிப்பு. நான் அதை நீள நோட்டில் ஏற்றிச் சாமி மேசையில் வைப்பேன். ஏரிக்கோடி காலியான பிறகு வந்த முதல் ஞாயிறு பதினொரு சீட்டுதான் இருந்தது. சாமி கடலையை நீவிக்கொண்டே, "பன்னெண்டு வந்துதா?" என்றார். நான் "வந்துதுங்க சாமி" என்றுவிட்டேன். அப்புறம் என் வூட்டுக்கு ஓடிப்போய் ஒரு சீட்டு எழுதினேன். வந்தவர்: பதினாலு. ஏன் பதினாலு என்றால் எனக்கே தெரியாது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதமும் பன்னிரண்டு கேட்டார். ரெண்டு வருஷம் எழுதினேன். பதினாலு என்றே போட்டால் சந்தேகம் வரும் என்று பதிமூன்று, பன்னிரண்டு, மறுபடி பதினாலு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். குறிப்பில் சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை என்று எழுதினேன். ஒரு மாதம் உண்மை மாதிரி இருக்கட்டுமே என்று "மழை காரணமாக ஒன்பது பேர்" என்று எழுதிவிட்டேன். சாமி கடலையைக் கீழே வைத்தார்.

"எப்படா மழ பெஞ்சுது?"

"ஏரிக்கோடியில மட்டும் பெஞ்சுதுங்க சாமி."

ஏரிக்கோடி கோவிலில் இருந்து கூப்பிடு தூரம். சாமி ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.  அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில் ஆயர், அதாவது பிஷப், எங்கள் பங்கைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. வருவதற்கு முன்னால் அறிக்கை எல்லாம் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். பதில் கடிதத்தில் ஒரு வரி. ரெண்டு வருஷத்தில் ஒரு மாதம்கூடத் தவறாமல் கூடுவது மத்தியா அன்பியம் ஒன்றுதான், சண்டை சச்சரவு இல்லாததும் அது ஒன்றுதான், சனிக்கிழமை சாயங்காலம் அந்த அன்பியத்தோடு உட்கார்ந்து ஜெபிக்க விரும்புகிறேன். சாமி அதை எனக்கு வாசித்துக் காட்டி, "பாத்தியாடா சவரி, யூதாஸ் எடம்னாங்களே!" என்று முதுகில் ஒன்று வைத்தார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலையில் முடிவு செய்தேன், சொல்லிவிடுவதென்று. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. முகம் தெரியாமல் சொல்கிற இடம் கோவிலில் ஒன்றுதான் இருக்கிறது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி. நடுவில் தட்டி மறைத்திருக்கும். அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் முழங்காலில் நான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், மழை உட்பட.

 தட்டிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து சாமி சொன்னார்: "மகனே, இதைத் தாங்கள் என் அறைக்கு வந்து ஏன் சொல்லவில்லை?"

தாங்கள் என்று வந்ததுமே எனக்கு உயிர் போய்விட்டது. "பயமா இருந்துதுங்க சாமி."

"இங்கே சொன்னதால் இனி நான் என்ன செய்ய முடியும் என்று தங்களுக்குத் தெரியுமா?"

"என்னாங்க சாமி?"

"ஒன்றும் செய்ய முடியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தொட்டியில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியில் சொல்லக் கூடாது. அதை வைத்து என்னை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. ஆயரிடம் வர வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வெளியில் வைத்து என்னிடமே அதைப் பற்றிப் பேசக் கூடாது. நான் தப்பிக்க நினைத்து அப்படிச் செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் நான் மாட்டிக்கொண்ட குழிக்குள் அவரையும் இழுத்துப் போட்டுவிட்டு மேலே மூடியும் விட்டேன்.

கடைசியில் அபராதம் கொடுத்தார். பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமியார் செய்யச் சொல்வதை நாங்கள் அபராதம் என்போம். வழக்கமாகப் பத்து ஜெபம், இருபது ஜெபம். எனக்கு அவர் சொன்னது: "எழுதியதை உண்மையாக்குங்கள்."

சனிக்கிழமைக்குள் பதினாலு பேர் வேண்டும். மற்ற பதினோரு அன்பியத்து ஆட்களைத் தொட முடியாது. ஒருத்தரைக் கூப்பிட்டால் எட்டுப் பேருக்குத் தெரிந்துவிடும். எந்த அன்பியத்திலும் இல்லாதவர்கள் யார் என்று தேடினேன். முதலில் எமிலியக்கா. ஏரிக்கோடி முனையில் தனியாக இருந்தவர். ராயப்பர் அன்பியத்தில் ஒருமுறை "கொஞ்சம் மெதுவா பாடுங்கக்கா" என்று சொல்லிவிட்டார்களாம். அன்றோடு நின்றுவிட்டார்.

"பிஷப்பு வர்றாரா? பாட உடுவீங்களா?"

"எவ்ளோ சத்தமா வேணாலும் பாடுங்கக்கா."

"அப்ப எங்க வூட்டுலயே வெச்சிக்க."

அடுத்து கோவிந்தண்ணன். தக்காளி போடுகிறவர். அவர் தோட்டம் எமிலியக்கா வூட்டை ஒட்டி. திருவிழாத் தேரை வருஷாவருஷம் அவர் டிராக்டரில்தான் இழுப்போம். "வந்து உக்காருவேன் சவரி. வாயத் தொறக்கச் சொல்லாத" என்றார். அவர் வூட்டுக்காரம்மா லட்சுமியக்கா, "புதுச் சேல கட்டிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருந்த மாதப்பா, வூட்டில் கன்னடம் பேசுகிறவர். விஷயத்தைச் சொன்னதும் "ஆய்த்து, ஆய்த்து, பொண்டாட்டியும் வருவா" என்றார். அப்புறம் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்து குடிசை போட்டிருந்த ஐந்து பேர், எந்த ஊர்க் கோவிலிலும் பேர் இல்லாதவர்கள். பத்து. என் குடும்பம் நாலு. பதினாலு.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். ஆயர் நிச்சயம் அன்பியம் என்றால் என்ன என்று கேட்பார். என் நோட்டில் இருந்த விளக்கத்தை மாதப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மனப்பாடம் செய்ய அவர்தான் கெட்டிக்காரர். டீ ஆற்றிக்கொண்டே நாற்பது தடவை சொன்னார். இதற்கிடையில் சாமி தினமும் என்னைக் கூப்பிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சவரிமுத்து அவர்களே, மத்தியா அன்பியத்துக்கு நாற்காலிகள் எத்தனை?" என்று கேட்பார். "பதினாலுங்க சாமி" என்பேன். "நன்று" என்பார். கடலைத் தட்டு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை சரியாக ஐந்து மணிக்கு ஆயர் வந்தார். மெலிந்த, சாந்தமான மனுசர். எமிலியக்கா பாடின பாட்டில் சூளை நாய் ரெண்டு எழுந்து ஓடியது. ஆயர் ரசித்தார் என்றுதான் நினைக்கிறேன். எல்லாரும் உட்கார்ந்ததும் யார் யார், என்ன வேலை என்று நான் சொன்னேன். ஆயர் மாதப்பா பக்கம் திரும்பி அன்பாகக் கேட்டார்:

"டீக்கடை எப்படிங்க போகுது?"

மாதப்பா எழுந்து கைகட்டி நின்றார். "அன்பியம் என்பது இறைவார்த்தையின் ஒளியில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் தாங்கி வாழும் குடும்பங்களின் உறவாகும்."

சூளை ஆட்களில் ஒருவர் கை தட்டினார். ஆயர் தலையாட்டிவிட்டு, "ரொம்ப சரி. அப்ப, அன்பியம்னா என்ன?" என்றார்.

மாதப்பாவிடம் மனப்பாடம் செய்தது தீர்ந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "பரவால்லீங்க," என்றார், "காலைல நூறு டீ போகும். சாயங்காலம்தான் கொஞ்சம் டல்லு."

 அப்போதுதான் கோவிந்தண்ணன் எழுந்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன அதே கோவிந்தண்ணன்.

"பெரிய சாமி வந்து உக்காந்திருக்கீங்க. பொய் சொல்லிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வராதுங்க. நாங்க இன்னைக்குத்தான் மொதமொத இப்பிடி கூடறோம். நானும் மாதப்பாவும் உங்க கோவில் ஆளுங்களே இல்ல. சவரி ரொம்ப பயந்து போய்க் கூப்புட்டான், வந்தோம்."

லட்சுமியக்கா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"ஆனா ஒண்ணுங்க. போன மாசம் இந்த எமிலியக்காவுக்குக் காய்ச்சல். மூணு நாளு பாட்டுச் சத்தம் கேக்கலியேன்னு இவதான் போய்ப் பாத்தா. மாதப்பா வண்டியில வெச்சுப் பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். சூளை ஆளுங்கதான் ராவும் பகலும் கூட இருந்தாங்க. அதுக்கு என்னா பேருன்னு எனக்குத் தெரியாது. நீங்க கேக்கறது அதுவான்னும் தெரியாது."

ஆயர் மெதுவாக ராயப்பன் சாமி பக்கம் திரும்பினார். "ஃபாதர், இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் பாவசங்கீர்த்தனத்தை மீறின பாவம். தெரியாது என்றால் பொய். சாமியின் முகம் தக்காளி மாதிரி ஆனது.  திடீரென்று எழுந்து நெஞ்சில் சிலுவை போட்டு, ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார். ஜெபம் ஆரம்பித்த பிறகு யார் குறுக்கே பேச முடியும்? ஆயரும் எழுந்தார். எல்லாரும் எழுந்தோம். ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் முடிந்தன, மூச்சு விடாமல் அடுத்த பத்து. ஆயர் ஏதோ கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் சாமி அடுத்த ஜெபத்தை எடுத்தார். ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டினார். எமிலியக்கா ஒருத்தர் சத்தமே ஒன்பது பேருக்குச் சமம். சூளை ஆட்கள் கடைசியில் மனப்பாடமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கோவிந்தண்ணன் மட்டும் ஒவ்வொரு ஆமென்னுக்கும் "சரிங்க" என்றார்.

முடிந்ததும் ஆயரின் டிரைவர் வந்து காரிமங்கலத்தில் காத்திருக்கிறார்கள் என்றார். கார்க்கதவைத் திறந்துவிட்டது நான்தான். இத்தோடு வேலை போயிற்று, வூடு போயிற்று, பொண்ணுகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆயர் வானத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றுகூட இல்லை.

"ஏரிக்கோடியில மழை வரும்போல இருக்கே."

நான் கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன். ஆயர் ஏறி உட்கார்ந்தார்.

"பதினாலுன்னு எழுதாதீங்க. நான் எண்ணினேன். என்னையும் உங்க சாமியையும் சேத்தா பதினாறு. இனிமேலாவது உள்ளதை எழுதுங்க."

வண்டி போய்விட்டது. சாமி பக்கத்தில் வந்து நின்றார். அவரால் ஒன்றும் கேட்க முடியாது, என்னாலும் முடியாது. சட்டைப்பையில் கைவிட்டு நாலு கடலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "சவரி, நாற்காலிய எடுத்துப் போடுடா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது என் கஷ்டத்தைச் சொல்கிறேன். எழுதியதை உண்மையாக்கு என்றாரே தவிர, எத்தனை மாதத்துக்கு என்று சொல்லவில்லை. நான் எழுதியது ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் கூட்டினால் அபராதம் தீருமா? பொய்க்கு வட்டி உண்டா? வெளியில் கேட்டால் அவர் பதில் சொல்லக் கூடாது. மறுபடி தொட்டிக்குள் போய்க் கேட்கலாம், அங்கே வேறு ஏதாவது சேர்த்துக் கொடுத்துவிடுவாரோ என்று பயம். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று சனிக்கிழமை தவறாமல் கூட்டினேன். சாமி மாற்றலாகிப் போனார். வண்டி கிளம்பும்போதுகூட ஜன்னலருகே நின்று வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்துவிட்டார். அப்புறம் செத்தும் போனார். நான் வேலையை விட்டு ஏரிக்கோடியிலேயே வாடகைக்கு வந்துவிட்டேன். இன்னும் கூடுகிறோம். சூளை ஆட்கள் மாறி மாறி வருவார்கள். கோவிந்தண்ணன் இன்றைக்கும் "சரிங்க" தான் சொல்கிறார்.

இதையெல்லாம் அன்றைக்கு டேவிட்டிடம் சொல்லவில்லை. "சனிக்கிழம அஞ்சு மணிக்கு கோவிந்தண்ணன் வூட்டுக்கு வாங்க, பாத்துட்டு எடுத்துடுங்க" என்றேன். அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார். சுண்டல் சாப்பிடும்போது கோவிந்தண்ணன் கேட்டார்:

"தம்பி, நீ எந்த அன்பியம்?"

டேவிட் யோசித்தார். கோவில் வளாகம் எந்தத் தெருவிலும் சேராது. கோயில்பிள்ளை வூட்டை எந்த அன்பியத்திலும் எழுதியதில்லை. "எதுலயும் இல்லீங்க" என்றார்.

"ஊருக்கே மணியடிக்கற, உனக்கு ஒண்ணு கெடையாதா? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பெஞ்சு யாரு தூக்கறது?"

லட்சுமியக்கா, "வாயக் கழுவுங்க" என்று அதட்டினார்.

எனக்குப் புரையேறிவிட்டது. அந்த வூட்டில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். பன்னிரண்டு அன்பியத்துக்கும் சீட்டு வாங்கினவன், எனக்கு ஒன்று இருக்கிறதா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் என் பேர் அந்தப் பழைய விலாசத்திலேயே கிடந்திருக்கிறது.

டேவிட் அங்கேயே போனை எடுத்தார். அதிலும் அந்தக் கம்ப்யூட்டர் வருமாம். மத்தியா அன்பியத்துக்குக் கீழே தன் குடும்பத்தைப் போட்டார், நம்பரோடு. அடுத்து என் குடும்பம். சிவப்பு போய்ப் பச்சை ஆனது. விளக்கம் என்ற கட்டத்தில் என்ன போட என்று கேட்டார். அதுவரை நான் எழுதிக்கொண்டு போயிருந்த பத்துப் பக்கத்தை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை மாலை 5 மணி, ஏரிக்கோடி" என்று போட்டார். அதையும் ஏற்றுக்கொண்டது.

ரெண்டு வருஷம் நான் எழுதினது அன்றைக்குத்தான் முழுசாக உண்மையானது என்று நினைக்கிறேன். அப்படியானால் அபராதம் தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கல்லறையில் இருக்கிறார். இருந்திருந்தாலும் விரலை உதட்டில்தான் வைத்திருப்பார். எதற்கும் இருக்கட்டும், வருகிற சனிக்கிழமை எங்கள் வூட்டில். சுண்டலுக்குக் கடலை ஊறப் போடச் சொல்லியிருக்கிறேன்.